சிங்கப்பூர் சைனாடவுன்: எங்கே சாப்பிடுவது, எதை எங்கே வாங்குவது

சைனாடவுன் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தின் ஏ வாசல் வழியாக ஏறி வந்தால் நேராகப் பகோடா ஸ்ட்ரீட்டில் நிற்பீர்கள். இரண்டு பக்கமும் காந்தப் பொம்மைகள், சாவிக் கொத்துகள், பட்டு என்று சொல்லி விற்கும் துணிகள். நடுநடுவே படம் போட்ட உணவுப் பட்டியலைக் காட்டி உள்ளே கூப்பிடும் உணவகங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "விலை அதிகம், ருசி சுமார்" என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். இந்தப் பேட்டையில் நல்ல சாப்பாடு பெரும்பாலும் தெரு மட்டத்தில் கிடைப்பதில்லை. ஒரு மாடி ஏற வேண்டும், அல்லது ஒரு தளம் இறங்க வேண்டும், அல்லது பெரிய சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். காலையிலிருந்து இரவு வரை நடக்கிற வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வயிறு இடம் தராது. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

இடம் பிடிபடுவதற்கு

ஒரு பக்கம் நியூ பிரிட்ஜ் ரோடு, அதை ஒட்டியே யூ டோங் சென் ஸ்ட்ரீட். மறுபக்கம் சவுத் பிரிட்ஜ் ரோடு. இவற்றுக்கு நடுவே மோஸ்க், பகோடா, டெம்பிள், ஸ்மித், சாகோ என்று தெருக்கள் வரிசையாக ஓடுகின்றன. டிரெங்கானு ஸ்ட்ரீட் இவற்றுக்குக் குறுக்கே போகிறது. அவ்வளவுதான் சைனாடவுனின் மையம். பத்து நிமிடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடலாம்.

நமக்கு வழி அடையாளம் இன்னும் சுலபம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1827-ல் நாராயண பிள்ளை நிறுவியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். அதே சாலையில் கொஞ்சம் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமே சூலியா பள்ளிவாசல். கோயிலுக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் இருப்பதால்தான் அந்தத் தெருக்களுக்கு டெம்பிள், பகோடா, மோஸ்க் என்று பெயர் வந்தது. கோபுரத்தைப் பார்த்தபடி நின்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் அலுவலக மாடிகள், கோயிலுக்குப் பின்புறம் சந்தையும் தெருக்களும், வலப்பக்கமாகப் போனால் ஹாங் லிம், இடப்பக்கமாகப் போனால் மேக்ஸ்வெல். இரண்டும் உணவங்காடி நிலையங்கள், அதாவது ஒரே கூரையின் கீழ் பல சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் ஹாக்கர் சென்டர்கள்.

படி 1: கிழமையைப் பாருங்கள்

கடைப் பெயர்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வருபவர்கள் கிழமையை மறந்துவிடுகிறார்கள். இங்கே அங்காடிக் கடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விடுமுறை நாள். திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். மேக்ஸ்வெல்லின் பிரபலமான தியன் தியன் கோழிச் சோற்றுக் கடைக்கும் திங்கள்தான் விடுமுறை. மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையிலும் திங்களன்று பாதி மேசைகள் காலி. அலுவலகக் கூட்டத்தை நம்பியிருக்கும் ஹாங் லிம், அமோய் ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் ஞாயிறு மந்தமாக இருக்கும், மற்ற நாட்களிலும் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் பல கடைகள் சட்டியைக் கழுவிவிடும்.

இன்னொன்று: உணவங்காடி நிலையங்களைச் சுத்தம் செய்வதற்காக ஆண்டில் சில முறை மொத்தமாக மூடுவார்கள். தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே இணையத்தில் வெளியிடுகிறது. விமானச் சீட்டு எடுத்த கையோடு அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் புதன் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாள். காலை எட்டு மணிக்குத் தொடங்குங்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அலுவலகத்தார் கூட்டம், அந்த நேரத்தில் எந்த வரிசையிலும் நிற்காதீர்கள்.

படி 2: காலையில் கோப்பி, அப்புறம் அடித்தளச் சந்தை

ஸ்மித் ஸ்ட்ரீட்டில் புளோக் 335, அதுதான் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். 1983-ல் திறந்த கட்டடம். தெருவில் வண்டிக்கடை போட்டிருந்தவர்களை உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அடித்தளத்தில் ஈரச்சந்தை, தரைத்தளத்தில் துணிமணி, சில்லறைச் சாமான், இரண்டாம் தளத்தில் சாப்பாடு. மேலே மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட கடைகள். சிங்கப்பூரிலேயே பெரிய உணவங்காடி நிலையம் இது.

முதலில் மேலே போய் ஒரு கோப்பி. சொல்லும் விதம் தெரிந்திருக்க வேண்டும். வெறுமனே "கோப்பி" என்றால் கெட்டிப்பால் ஊற்றி இனிப்பாக வரும். "கோப்பி ஓ" என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். சர்க்கரையே வேண்டாம் என்றால் கடைசியில் "கொசோங்", குறைவாகப் போதும் என்றால் "சியூ டை", ஐஸ் போட வேண்டுமென்றால் "பெங்". தேநீருக்கும் இதே விதிதான், கோப்பிக்குப் பதில் "தே". நம் ஊர் காபிக்கு மிக அருகில் வருவது "கோப்பி சி". ஆனால் இது வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் கறுக்க வறுத்த கொட்டை, டிகாக்‌ஷன் மணத்தை எதிர்பார்க்காதீர்கள்.

குடித்துவிட்டு நேரே அடித்தளத்துக்கு இறங்குங்கள். தரை ஈரமாக இருக்கும், பிடிப்பான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் போனால்தான் பார்க்க வேண்டியதைப் பார்க்கலாம். மீன் மேசைகளில் வௌவால் மீன், கொடுவா, இறால். தொட்டிகளில் உயிரோடு விராலும் விலாங்கும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குப் புண் ஆறட்டும் என்று விரால் சூப் வைத்துக் கொடுப்பது சீனர்கள் வழக்கம். விராலை நம் ஊரிலும் உடம்புக்கு நல்லதென்று சொல்லித்தானே சமைக்கிறோம். தவளையும் ஆமையும் விற்கும் மேசைகளும் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

வாங்குவதற்குச் சிரமமில்லாதவை காய்கறிகள். காய் லான், சை சிம் என்ற கீரைகள், தாமரைக் கிழங்கு, பச்சையும் வெள்ளையுமாகப் பெரிய முள்ளங்கி, விதவிதமான காளான், அன்றைக்குச் செய்த டோஃபு. சமையலறை உள்ள தங்குமிடம் கிடைத்திருந்தால் காய் லானும் டோஃபுவும் வாங்கிப் போய்ப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கினாலே ஒருவேளைச் சாப்பாடு முடிந்தது. பேரம் பேசும் இடமில்லை இது. ஆனால் "ஆன்ட்டி, எது இன்றைக்கு நல்லா இருக்கு?" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். காய்களை நகத்தால் கிள்ளிப் பார்க்காதீர்கள், திட்டு விழும்.

படி 3: மாடியில் சாப்பாடு

உட்காரும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம். நீங்களும் அப்படியே வைக்கலாம், யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். மேசையில் எண் ஒட்டியிருக்கும். சில கடைகளில் அந்த எண்ணைச் சொன்னால் கொண்டுவந்து தருவார்கள், மற்றவற்றில் நாமே நின்று வாங்க வேண்டும். பொட்டலமாக வேண்டுமென்றால் "தாபாவ்". சாப்பிட்டு முடித்த தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைப்பது 2021 செப்டம்பர் முதல் கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். ரொக்கம் கொஞ்சம் வைத்திருங்கள். உள்ளூர்க்காரர்கள் கைப்பேசியில் கியூஆர் பார்த்துக் கட்டுவார்கள், வயதான கடைக்காரர்கள் சிலர் நோட்டு மட்டுமே வாங்குவார்கள்.

இந்த மாடியில்தான் 2016-ல் சான் ஹோன் மெங் என்பவரின் சோயா சாஸ் கோழிக் கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. உலகத்திலேயே தெருச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு அந்த நட்சத்திரம் வந்தது அந்த ஆண்டுதான் முதல் முறை. அவரோடு சிங்கப்பூரின் இன்னொரு நூடுல்ஸ் கடையும் அதைப் பெற்றது. அப்போது ஒரு தட்டு ஏறக்குறைய இரண்டு வெள்ளி. 2021-ல் அவர் கடையின் நட்சத்திரம் போய்விட்டது. இப்போது வரிசை குறைவு, கோழி நன்றாகத்தான் இருக்கிறது, நட்சத்திரக் கதைக்காக மட்டும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய அவசியமில்லை. பளபளவென்று பழுப்பேறிய தோல், சாஸில் ஊறிய இனிப்பும் உப்பும். சோற்றைவிட நூடுல்ஸோடு பொருந்தும்.

நான் நேரம் செலவழிக்கச் சொல்வது வேறு கடைக்கு. லியன் ஹெ பென் ஜி என்ற மண்சட்டிச் சோற்றுக் கடை. அரிசியைக் கரி அடுப்பில் சட்டியிலேயே வேக வைத்து, மேலே கோழி, உப்பு மீன், சீனத் தொத்திறைச்சி அடுக்கித் தருகிறார்கள். மூடியைத் திறந்ததும் கறுப்பு சோயாவும் எண்ணெயும் ஊற்றி அடிவரை கிளற வேண்டும். சட்டியின் ஓரத்தில் தீய்ந்தும் தீயாமலும் ஒட்டியிருக்கும் சோறுதான் இதில் விசேஷம், கரண்டியால் சுரண்டி எடுங்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், சில நாள் அதற்கும் மேல். மாலை நேரக் கடை அது, மதியத்துக்கு எண்ணாதீர்கள். போனதும் முதலில் அங்கே சொல்லிவிட்டு, பக்கத்தில் ஸ்யோலோங்பாவ் ஒரு தட்டு வாங்கிப் பசியாறிக்கொண்டிருங்கள். பன்றி இறைச்சியும் கொதிக்கும் சாறும் உள்ளே இருக்கும் கொழுக்கட்டை போன்ற பண்டம் அது. கரண்டியில் வைத்து ஓரத்தைக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு அப்புறம் சாப்பிட வேண்டும். அப்படியே வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும்.

இருநூறு கடையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பினால் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு பண்டம், அதிகம் போனால் மூன்று பண்டம் மட்டும் விற்கிற கடை, முன்னால் உள்ளூர்ப் பெரியவர்கள் நிற்கிற கடை. முப்பது படம் ஒட்டிய பலகை இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

படி 4: மேக்ஸ்வெல்

சவுத் பிரிட்ஜ் ரோட்டைக் கடந்தால் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். 2022 முதல் வாசலிலேயே எம்ஆர்டி நிலையமும் வந்துவிட்டது. சுற்றுலாப் பயணிகள் கூட்டம் காம்ப்ளெக்ஸைவிட இங்கே அதிகம். தியன் தியன் ஹைனானியக் கோழிச் சோற்றை ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம். முதல் பார்வையில் வெள்ளைச் சோறு, வெள்ளைக் கோழி, "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று தோன்றும். வெந்த கோழியைக் குளிர்ந்த நீரில் முக்கி எடுப்பதால் தோலுக்கடியில் வழவழப்பான ஒரு படலம் நிற்கும். கோழிக் கொழுப்பு, இஞ்சி, பூண்டு, கோழிச் சாறு எல்லாம் சேர்த்து வேக வைத்த சோறுதான் இதில் முக்கியம். முதலில் சோற்றை மட்டும் ஒரு வாய், பிறகு மிளகாய்ச் சாந்து தொட்டுக் கோழி. வரிசை மிக நீளமாக இருந்தால், அங்கே முன்பு சமையல்காரராக இருந்தவர் அதே நிலையத்தில் தொடங்கிய ஆ தை கடைக்குப் போங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டால் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல வராது.

ஃபூச்சோ சிப்பி வடையும் இங்கே கிடைக்கும். மாவுக்குள் சிப்பி, இறால், பன்றிக் கொத்துக்கறி வைத்து எண்ணெயில் பொரித்து, மேலே வேர்க்கடலை தூவியது. சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். காலையில் வருபவர்களுக்கு ஜென் ஜென் கடையின் கஞ்சி, அரிசி கரைந்து குழைந்து போன பதத்தில்.

படி 5: சைவமா? பன்றி கூடாதா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"காய்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது. காய் லான் கேட்டால் மேலே சிப்பிச் சாறு ஊற்றி வரும். சார் குவே தியா என்ற தட்டை அரிசி நூடுல்ஸை வதக்குவது பன்றிக் கொழுப்பில். "கேரட் கேக்" என்று பலகையில் இருப்பதில் கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்த கட்டியை முட்டையோடு வதக்கியது, அதிலும் பல கடைகளில் பன்றிக் கொழுப்பு உண்டு. சம்பல் என்றால் பெரும்பாலும் பெலாச்சான், அதாவது இறால் பசை. லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் காய்ந்த இறால். மரக்கறி சூப் என்று நம்பிக் குடித்தால் அடியில் எலும்புச் சாறு.

ஆகவே சைவர்கள் நேராகச் சைவக் கடைக்கே போங்கள். உணவங்காடி நிலையங்களில் பௌத்த சைவக் கடைகள் இருக்கின்றன, பலகையில் "வெஜிடேரியன்" என்று எழுதியிருக்கும். காலையில் வதக்கிய சேமியா, முட்டைக்கோஸ், சோயாவில் செய்த பொய் இறைச்சி எல்லாம் சேர்த்து மலிவாகத் தருவார்கள். கண்டிப்பான பௌத்த சைவத்தில் வெங்காயம் பூண்டு கூட இல்லை என்பதால், வீட்டில் அவற்றைச் சேர்க்காத குடும்பங்களுக்கும் ஒத்துவரும். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது ஏறத்தாழ நம் அமாவாசை, பௌர்ணமியில், சீனர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்றைக்கு இந்தக் கடைகளில் கூட்டம் தாங்காது, சீக்கிரம் தீர்ந்தும் போகும். சாகோ ஸ்ட்ரீட் ஓரமாக 2007-ல் திறந்த புத்தர் பல் கோயிலின் அடித்தளத்திலும் சைவச் சாப்பாட்டுக் கூடம் உண்டு.

பன்றியைத் தவிர்ப்பவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் கடையில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் தொங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். "நோ போர்க், நோ லார்ட்" என்ற பலகை ஹலால் ஆகாது. சைனாடவுனின் சீனக் கடைகளில் ஹலால் குறைவுதான். மாலை ஏழு மணிக்கு மேல் லாவ் பா சாட் அருகே பூன் டாட் ஸ்ட்ரீட்டைப் போக்குவரத்துக்கு மூடிவிட்டு சாத்தே கடைகள் போடுவார்கள். கோழி, ஆடு, இறால் கரியில் வாட்டிக் கிடைக்கும். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒரே தட்டில் கலந்து அடுக்குவது வழக்கம்.

படி 6: சாலையைக் கடந்து

ஹாங் லிம்: அப்பர் கிராஸ் ஸ்ட்ரீட் பக்கம். இங்கே கோழிக் கறி மீ ஹூன் (அரிசிச் சேமியா) சாப்பிட வேண்டும். தேங்காய்ப் பால் குழம்பு, உருளைக்கிழங்கு, குழம்பை உறிஞ்சிய டோஃபு, மேலே வேக வைத்த கோழி. சைனாடவுனில் நம் நாக்குக்கு உடனே பிடித்துப் போகிற பண்டம் இது ஒன்றுதான் என்று சொல்வேன். பதினொன்றரைக்குள் போய்விடுங்கள்.

பீப்பிள்ஸ் பார்க்: நியூ பிரிட்ஜ் ரோட்டையும் யூ டோங் சென் ஸ்ட்ரீட்டையும் கடந்தால் வரும். சீனாவிலிருந்து அண்மைக் காலத்தில் வந்து குடியேறியவர்களின் சாப்பாடு இங்கேதான். மாலா ஸ்யாங் குவோ கடையில் காய், காளான், டோஃபு, இறைச்சி என்று வேண்டியதை நாமே கிண்ணத்தில் எடுத்துப் போட்டால் எடை போட்டு, மிளகாயும் சிச்சுவான் மிளகும் போட்டு வதக்கித் தருவார்கள். காய்ந்த அப்பளம் போல இருக்கும் டோஃபு தோல் எடை குறைவு, தாமரைக் கிழங்கும் உருளையும் எடை அதிகம், பார்த்து எடுங்கள். காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். ஆந்திரக் காரமே தாங்குவேன் என்ற தைரியத்தில் "பெரிய காரம்" சொல்லாதீர்கள். இது நாக்கு மரத்துப்போகிற வேறு வகைக் காரம். "நடுத்தரம்" போதும். முழுக்கக் காய்கறி எடுத்தாலும் வாணலி பொதுவானதுதான்.

பழைய பயணக் குறிப்புகளில் ஸ்மித் ஸ்ட்ரீட்டின் "சைனாடவுன் ஃபுட் ஸ்ட்ரீட்" என்று பார்த்தால் அடித்துவிடுங்கள். 2021-லேயே மூடிவிட்டார்கள். தெருவோர உணவகங்களில் உட்கார்ந்தால் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டியும் மேலே ஏறும். அங்காடிக் கடைகளில் அந்தத் தொல்லை இல்லை, பலகையில் இருப்பதுதான் விலை.

படி 7: வாங்கிப் போக

தேயிலைக்கு மோஸ்க் ஸ்ட்ரீட்டில் பெக் சின் சூன். 1925-லிருந்து இருக்கும் கடை. சிங்கப்பூரின் பக் குட் தே (பன்றி எலும்புச் சூப்) கடைகள் பலவற்றுக்கும் இங்கிருந்துதான் தேயிலை போகிறது. வறுத்த ஊலோங் கலவைகளைச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து விற்கிறார்கள். கனம் இல்லை, கெடாது, விலையும் கையைக் கடிக்காது. ஊருக்கு வாங்கிப்போக இதைவிடப் பொருத்தமான சாமான் சைனாடவுனில் இல்லை. குடித்துப் பார்த்து வாங்குங்கள், பால் மட்டும் ஊற்றாதீர்கள்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் டோங் ஹெங், சாய்சதுர வடிவ முட்டை டார்ட்டுக்குப் பெயர் பெற்றது. சாகோ ஸ்ட்ரீட்டில் 1935-ல் தொடங்கிய தாய் சோங் கோக், தாமரை விதை அரைத்த பூரணம் வைத்த நிலா கேக்குக்கு. நிலா கேக் விழா செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும், அதற்கு முந்தைய வாரங்களில் போனால் விதவிதமாகக் கிடைக்கும். பழைய முறைப் பலகாரங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

பக் குவா என்பது இனிப்பாக வாட்டிய பன்றி இறைச்சித் தகடு. நியூ பிரிட்ஜ் ரோட்டில் லிம் சீ குவான், பீ செங் ஹியாங் இரண்டும் முப்பதுகளிலிருந்து இருக்கும் பெயர்கள். கோழியிலும் செய்கிறார்கள். அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். இறைச்சிப் பண்டங்களைப் பல நாடுகள் எல்லைக்குள் விடுவதில்லை, விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

காய்ந்த காளான், சிவப்புப் பேரீச்சை, கோஜி, சாமந்திப்பூ, காய்ந்த லில்லி மொட்டு ஆகியவற்றை மருந்துக் கடைகளிலும் உலர்சாமான் கடைகளிலும் வாங்கலாம். சவுத் பிரிட்ஜ் ரோட்டின் யூ யான் சாங் பெரிய பெயர், விலையும் அதற்கேற்ப. சாதாரணச் சமையலுக்கு அடுத்தடுத்த தெருக்களில் உள்ள சின்னக் கடைகளே போதும். கேட்ட விலை நூறு கிராமுக்கா, ஒரு கட்டிக்கா என்று உறுதிப்படுத்துங்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். பறவைக் கூடு, ஜின்செங் பற்றித் தெரியாமல் காசைக் கொட்டாதீர்கள், தரம் பிரிக்கத் தெரிந்தவர்களே ஏமாறும் சரக்கு அது.

படி 8: டுரியான், சீனப் புத்தாண்டு

டுரியான் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நன்றாக வரும். விலை கிலோவுக்கு, அதுவும் ஓட்டோடு எடை. பழத்தைத் தேர்ந்ததும் வெட்டுவதற்கு முன்பே மொத்த விலையைக் கேளுங்கள். மாவ் ஷான் வாங் என்ற ரகம் கசப்பு கலந்த இனிப்பு, விலை அதிகம். முதல் முறை சாப்பிடுபவருக்கு டி24 ரகம் போதும். ரயிலில் எடுத்துப் போக அனுமதி இல்லை, தங்கும் விடுதிகளும் விடுவதில்லை. நின்ற இடத்திலேயே சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்கள் தெருக்களில் சந்தை போடுவார்கள். அன்னாசிப் பலகாரம், முந்திரி, மெழுகுபோல் காய்ந்த வாத்து, மாண்டரின் ஆரஞ்சு என்று மலைமலையாகக் குவிந்திருக்கும். கூவிக் கூவிச் சுவைக்கக் கொடுப்பார்கள், வாங்காமல் நகர்ந்தாலும் கோபம் இல்லை. பக் குவா வரிசையில் அப்போது மணிக்கணக்கில் நிற்பார்கள், விலையும் ஏறியிருக்கும். முந்தின நாள் இரவு, மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடியில் கடைக்காரர்கள் விலையைக் குறைப்பார்கள். ஆனால் புத்தாண்டின் முதல் இரண்டு நாட்களுக்குச் சாப்பிட என்று சைனாடவுன் பக்கம் போகாதீர்கள். முக்கால்வாசிக் கடைகள் மூடியிருக்கும், சில கடைகள் வாரக் கணக்கில் திறக்காது. அந்த நாட்களில் மாட்டிக்கொண்டால் ரயில் பிடித்து லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய்விடுங்கள்.